தொண்ணூறு படமும் ஒரு தறிக்குழியும்

கன்சோலில் விளையாடுகிறவர்களை நான் ஒரு காலத்தில் ஆளாகவே மதித்ததில்லை. கடையில் வாங்கிய பெட்டியைக் கடையில் கொடுத்த ஒயரால் டிவியில் செருகிவிட்டு, சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, தானும் வி.ஆர்., அதாவது கண்ணைச் சுற்றி ஒரு பொய் உலகத்தைக் காட்டும் ஆட்டம், ஆடுவதாகச் சொல்லிக்கொள்கிற கூட்டம் அது. உள்ளே என்ன கிராபிக்ஸ் கார்டு என்று கேட்டால், "அதெல்லாம் உள்ளேயே இருக்கும்" என்பார்கள். வயிற்றுக்குள்ளும்தான் குடல் இருக்கிறது. அதனால் நாமெல்லாம் டாக்டர் ஆகிவிட்டோமா?

ஆரணியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பட்டுக் கடைகளின் பில் போடும் கம்ப்யூட்டர், பள்ளிக்கூடத்துப் பிரின்டர், கல்யாண மண்டபத்துக் கேமரா எல்லாம் என் கைக்குத்தான் வரும். சாம்பிராணிப் புகையும் ஜரிகைத் தூசியும் அடைந்த பெட்டிகளைப் பகலெல்லாம் ஊதி ஊதித் துடைக்கிறவனுக்கு, வீட்டில் ஒரு நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் தப்பா? ஒன்றரை வருஷம் பாகம் பாகமாகச் சேர்த்து நானே ஒன்றைக் கட்டினேன். பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே மூன்று ஃபேன், மூன்றிலும் நீல விளக்கு. கிராபிக்ஸ் கார்டு ஒரு செங்கல் கனம். அதற்கு ஏற்ற ஹெட்செட்டையும் வாங்கி, வீட்டின் முன் அறையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன்.

கதையே அந்த முன் அறையைப் பற்றியதுதான்.

அது என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, தறி போட்டிருந்த அறை. தறியைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கைத்தறியில் நெய்கிறவர் தரையோடு தரையாகப் பலகையில் உட்கார்ந்து, காலைக் கீழே ஒரு குழிக்குள் தொங்கவிட்டு மிதிப்பார். தறி போன பிறகும் குழி இருக்கும். நைனா முதுகுவலி வந்து நெய்வதை நிறுத்தியதும் தறியை விற்றுவிட்டு, குழியின் மேல் நாலு பலகையைப் போட்டு, அதன் மேல் பூப்போட்ட ரெக்சின் விரிப்பை விரித்துவிட்டார். நான் காலேஜுக்குப் போனவன், தறியில் உட்கார்ந்ததே இல்லை. அந்த அறை எனக்கு வெறும் அறை.

என் மனைவி அப்படியில்லை. அவள் பிறந்த வீட்டிலும் தறி, புகுந்த வீட்டிலும் தறி. உள் அறையில் அவளுடைய தறி ஓடுகிறது, மேலே தொங்கிப் புடவையில் பூவேலை விழவைக்கிற ஜக்கார்டு பெட்டியோடு. கல்யாணப் புடவைதான் நெய்வாள். முன் அறைக்கு வந்தால் மட்டும் ஒரு விசித்திரம் செய்வாள். விரிப்பின் நடுவில் கால் வைக்கவே மாட்டாள். சுவரோரமாக ஒதுங்கித்தான் போவாள், வருவாள். அவள் தம்பியும் அப்படித்தான். கேட்டால், "மூடின குழி மேல நிக்கக் கூடாதுங்க" என்பாள். எதற்கு என்று கேட்டால், "கூடாதுன்னு சொல்லுவாங்க" என்பாள்.

"நாலு பலகை இருக்குது, யானை நின்னாலும் தாங்கும். நீங்கள்லாம் இன்னும் எந்தக் காலத்துலதான் இருக்கீங்க?" என்று நான் கேலி செய்வேன். அவள் சுவரைத் தொட்டுக்கொண்டே போவாள்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். என் மனைவிக்கு ஒரு தோழி. அடுத்த தெரு. இரண்டு பேரும் ஒன்றாக நெய்யப் பழகியவர்கள். அவள் இருந்த வாடகை வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம் என்று சொந்தக்காரர்கள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புதிதாகக் கிடைத்த வீட்டில் தரை முழுக்க டைல்ஸ். குழி என்ற வார்த்தையைச் சொன்னதுமே வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டதாம். தறியைப் பிரித்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து எங்கள் வீட்டுப் பின்சுவரில் சாய்த்து வைத்தாள். மழைக்கு மூட ஒன்றும் கிடைக்காமல் என் கடையின் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை எடுத்துப் போர்த்தினார்கள். அதில் என் படம் பெரிதாக இருக்கும், கீழே 'நம்பிக்கையான சேவை' என்று போட்டிருக்கும். கொல்லைப்புறம் போகும்போதெல்லாம் அந்தத் தறிக்கட்டின் மேலிருந்து நானே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

தறி இல்லாத தோழி யார் வீட்டிலோ நூல் சுற்றப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு வழக்கமாகப் பாவு, அதாவது தறியில் நெடுக்காகப் பூட்டுகிற பட்டு நூல், கொடுக்கும் பட்டுக்கடைக்காரர் கெடு வைத்துவிட்டார். கார்த்திகை பிறப்பதற்குள் தறியை எங்காவது பூட்டிவிட்டால் பாவு அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. பாவு கைமாறிப் போனால் திரும்பி வருவது லேசில் இல்லை. எங்கள் முன் அறையில் ஒரு குழி சும்மா இருந்தது. என் மனைவி கேட்டது அவ்வளவுதான்.

"இன்னாங்க, அந்த ரூமு கதை இன்னா ஆச்சி?"

"பார்க்கலாம்."

"பார்க்கலாம் பார்க்கலாம்னு ரெண்டு மாசமா சொல்லிகினு இருக்கீங்க. அவ தறி அங்க ஈரத்துல ஊறிகினு கீது."

"உனக்குச் சொன்னா புரியாது. வி.ஆருக்கு இடம் வேணும். ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர். ரூம் ஸ்கேல்னு பேரு. இடம் இல்லைன்னா அது வி.ஆரே இல்லை."

இதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த கனத்தை நினைத்தால் இப்போது காது கூசுகிறது. உண்மை என்ன தெரியுமா? நான் அந்த இரண்டு மீட்டரில் நின்று ஆடியது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். நின்று ஆடினால் எனக்குப் பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கும். மற்ற நாளெல்லாம் மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் அறை எதற்கு, கடையின் பின்பக்கமே போதும். ஆனால் 'ரூம் ஸ்கேல்' என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

இந்த நேரம் பார்த்து என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒரு கன்சோல் வாங்கினான். அதற்கான வி.ஆர். ஹெட்செட்டையும் சேர்த்து வாங்கினான்.

அவன் ஒரு பட்டுக்கடையில் ஆன்லைன் ஆர்டர்களை மடித்துப் பெட்டியில் போட்டு அனுப்புகிற வேலை பார்க்கிறான். நல்ல பையன்தான், ஆனால் தன்னைப் பெரிய வீரனாக நினைத்துக்கொள்வான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பனிமலை ஏறுவான். அவன் ஏறுவதை அவன் வீட்டு டிவியில் நாங்கள் பார்க்க வேண்டும். "மாமா, பாருங்க, பாருங்க, கீழ பார்த்தா எவ்ளோ பள்ளம்!" என்று சோபாவில் உட்கார்ந்துகொண்டே கையை மேலே மேலே போடுவான். இதே ஆள் போன வருஷம் எங்களோடு திருமலைக்கு வந்தபோது பாதிப் படியில் உட்கார்ந்து, "நீங்க போய்ட்டு வாங்க, நான் செருப்ப பார்த்துக்கறேன்" என்று சொன்னவன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வந்தால் எனக்கும் அவனுக்கும் இதே சண்டை.

"உன் பெட்டி செய்யற வேலையைவிட என்னுது ரெண்டு மடங்கு செய்யும்டா."

"செய்யும் மாமா, செய்யும். எப்போ செய்யும்? நான் பட்டன அமுக்கினா ஆட்டம் வருது. நீங்க பட்டன அமுக்கினா அப்டேட் வருது."

அதில் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் எரிச்சல். பிசி என்றால் அப்படித்தான். அது மட்டக் குதிரை அல்ல, அதை அடக்கத் தெரிய வேண்டும். டிரைவர் ஒரு பக்கம், விண்டோஸ் ஒரு பக்கம், ஹெட்செட்டுக்குள் இருக்கும் மென்பொருள் ஒரு பக்கம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக அப்டேட் கேட்கும். ஒரு ஆட்டம் இறங்கி முடிவதற்குள் பெரணமல்லூர் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டே திரும்பிவிடலாம். ஆனால் வந்து நின்றால்? எந்தக் கன்சோலாவது கிட்ட நிற்குமா? நொடிக்குத் தொண்ணூறு படம், ஒவ்வொன்றும் முழுசாக வரைந்த படம். அவனுடைய பெட்டி என்ன செய்கிறது? பாதிப் படத்தைத்தான் உண்மையாக வரைகிறது. மீதியை நடுநடுவில் தானாக ஊகித்துச் சொருகிவிடுகிறது. ஊகித்துச் சொருகுவதற்கு ஒரு பெரிய பெயர் வைத்து, அட்டைப் பெட்டியில் அச்சடித்து விற்கிறார்கள். வாங்குகிறவனும் வாயைப் பிளந்துகொண்டு வாங்குகிறான்.

இதையெல்லாம் விளக்கினால் மச்சான் கொட்டாவி விடுவான்.

யூடியூபில் இரண்டு பெட்டிகளையும் ஒப்பிட்டுப் பேசுகிற பிரகஸ்பதிகளை வேறு அவன் எனக்குக் காட்டுவான். ஒருத்தன் இரண்டு திரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புல்லைப் பெரிதாக்கிக் காட்டி, 'இந்தப் புல்லைப் பாருங்கள், அந்தப் புல்லைப் பாருங்கள்' என்பான். ஹெட்செட்டை மாட்டிப் பார்க்க வேண்டியதை செல்போனில் காட்டி விலை சொல்கிற ஆட்களை எதில் சேர்ப்பது? ஆனால் நானும் அந்த வீடியோக்களில் பிசி ஜெயிக்கிற இடத்தை மட்டும் இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி பாதி போனது. மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் தன் கன்சோலையே ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"மாமா, பேசிப் பேசி பேஜாரா போச்சி. இன்னைக்கி முடிச்சிடலாம். அக்கா சொல்லட்டும். அக்கா கண்ணு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். ஆயிரக்கணக்கான இழை ஓடுகிற பாவில் ஒன்று அறுந்தால், உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுகிற கண் அது.

"அக்கா என்னுதுதான் மேலுன்னு சொன்னா, இந்த ரூம காலி பண்ணிக் குடுங்க. எனக்கு சோபா போதும், உங்களுக்கு நாற்காலி போதும். உங்களுது மேலுன்னா நான் வாய மூடிக்கறேன், அக்காவும் ரூம பத்திப் பேசாது. இன்னா சொல்றீங்க?"

இதை அவன் தானாக யோசித்திருக்க மாட்டான். உள் அறையில் தறிச்சத்தம் நின்றிருந்தது. அக்காவும் தம்பியும் சேர்ந்து செய்த வேலை. எனக்கென்ன? ஜெயிக்கப் போகிற பந்தயம். "சரி," என்றேன். மனைவி வாசற்படியில் வந்து நின்று, "நானும் ஒத்துக்கறேன். பொய் சொல்லமாட்டேன், தம்பின்னு பார்க்கமாட்டேன்" என்றாள். தோழியும் அவளோடு வந்திருந்தாள். தறிக்கட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வந்தவளாம். கை துடைத்துக்கொண்டே சுவரோரமாக வந்து நின்றாள்.

இரண்டிலும் ஒரே கார் பந்தய ஆட்டம். முதலில் கன்சோல். மனைவி தலையில் இருந்த கனகாம்பரத்தை எடுத்துத் தோழியிடம் கொடுத்துவிட்டு ஹெட்செட்டை மாட்டினாள். கொண்டையில் பட்டை சிக்கிக்கொண்டது. மச்சான் ஒரு நிமிஷத்தில் ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டான். அவள் காரை ஓட்டவில்லை, அவன்தான் ஓட்டினான். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தறியில் பார்ப்பதைப் போலவே ஆடாமல் அசையாமல் பார்த்தாள்.

அடுத்தது என்னுடையது. சும்மா விடுவேனா? பிரேம் ரேட்டைக் கோடாகக் காட்டுகிற ஒரு மென்பொருளை மானிட்டரில் பெரிதாகப் போட்டு வைத்தேன். கோடு நேராக ஓடினால் படம் விடாமல் வருகிறது என்று அர்த்தம். எல்லோரும் பார்க்கட்டும் என்று மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பினேன். ஒயர் இல்லாமல் வைஃபையிலேயே ஓட்டிக் காட்டினேன், அப்போதுதானே பெருமை. கோடு நேராகத்தான் ஓடியது.

அரை நிமிஷம் ஆகியிருக்கும். மனைவி ஹெட்செட்டுக்குள்ளிருந்து, "இதோ," என்றாள்.

"என்ன இதோ?"

"இதோ, இங்க ஒன்னு."

மானிட்டரில் கோடு ஒரு இடத்தில் சடாரென்று கீழே குத்திட்டு மறுபடி ஏறியது. அவ்வளவு சின்னதாக இருந்ததால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க ஒன்னு," என்றாள். கோடு குத்திட்டது. "இங்க... இங்க ரெண்டு சேர்ந்தாப்புல." கோடு இரண்டு தடவை குத்திட்டது. அவள் மானிட்டரைப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. தலையில் கறுப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு, என் மானத்தில் விழுந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மச்சான் மானிட்டரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு வாயைப் பொத்திக்கொண்டான்.

ஹெட்செட்டைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் தீர்ப்பைச் சொன்னாள்.

"தம்பியோடதுல இழை ரெட்டை ரெட்டையா ஓடுது. மரமெல்லாம் பக்கத்துல வரும்போது ஓரம் ரெண்டா தெரியுது. உங்களுதுல ஒத்தையாதான் ஓடுது, ஆனா நடுநடுவுல இழை விட்டுப் போவுது. ரெண்டுமே சேலையா இருந்தா, கடைக்காரரு பிரிச்சிப் பார்த்துட்டு நீயே கட்டிக்கோன்னு குடுத்துடுவாரு."

ஊகித்துச் சொருகிய படம்தான் ஓரத்தை இரட்டையாகக் காட்டும். இதைச் சொல்ல யூடியூப்காரன் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வான். இவள் இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டாள். ஆனால் அப்போது நான் அவளை மெச்சவில்லை. எனக்கு அறைதான் முக்கியம்.

"அப்போ எது மேல்? அதைச் சொல்லு."

"தப்புல இன்னாங்க மேலு கீழு? ரெண்டும் தப்புதான்."

"அப்போ டிரா," என்றேன். "டிரான்னா ரூம் யார் கையில இருக்கோ அவங்களுக்கே. பந்தயத்துல அப்படித்தான்."

மச்சான் முகம் சுண்டிவிட்டது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சொல்லப்போனால் அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. தோழிதான் முதலில் பேசினாள். கையில் இருந்த கனகாம்பரத்தை மனைவியிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "பரவால்லண்ணா. நீங்க உங்க வேலைய பாருங்க. நான் வேற எங்கனா கேட்டுப் பார்க்கறேன்" என்றாள்.

என் வேலையாம். நாற்பதை நெருங்குகிற ஆள் நாற்காலியில் உட்கார்ந்து இல்லாத காரை ஓட்டுவதை, நெய்கிற கை ஒன்று வேலை என்று மரியாதையாகச் சொல்கிறது. கார்த்திகை பிறக்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. வெட்கப்படுகிறவனாக இருந்தால் அந்த இடத்திலேயே அறையைக் கொடுத்திருப்பான். நான் என்ன செய்தேன்? "இது வைஃபை கோளாறு, பிசி கோளாறு இல்லை. ஒயர் போட்டுக் காட்டறேன், அப்போ பாருங்க" என்று கிளம்பினேன். அறையும் கிடைத்துவிட்டது, ஆனால் 'இழை விட்டுப் போவுது' என்ற சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை.

கூரை விட்டத்தில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறது. நைனா காலத்தில் ஜக்கார்டு பெட்டிக்குக் கயிறு கட்டிய கொக்கி. அதில் ஒயரைத் தொங்கவிட்டு ஹெட்செட்டில் மாட்டினேன். கார் ஆட்டம் வேண்டாம், நின்று ஆடுகிற ஆட்டமே போடுகிறேன் என்று முடிவு செய்தேன். ரூம் ஸ்கேல் என்றால் என்ன என்று அன்றைக்காவது இவர்களுக்குக் காட்ட வேண்டாமா? எதிரே பறந்து வருகிற கட்டைகளைக் குனிந்தும் தாவியும் தப்பிக்கிற ஆட்டம். ஹெட்செட் முதலில் தரையை அளந்தது. தன் கேமராக்களால் அறையைச் சுற்றிப் பார்த்து, விரிப்பின் மேல் பச்சை வட்டம் போட்டு, இது பாதுகாப்பான இடம் என்று அறிவித்தது. கன்சோலும் அதே தரையை அளந்து அதையேதான் சொல்லியிருக்கும். இவ்வளவு கேமராவும் கணக்கும் வைத்திருக்கிற இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்காவது விரிப்பைத் தாண்டித் தெரிந்திருக்குமா?

"ஏங்க, நடுவுல நிக்காதீங்க," என்று மனைவியின் குரல் கேட்டது.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றேன்.

படம் அற்புதமாக வந்தது. நான் ஒரு உயரமான மேடையில் நிற்கிறேன், சுற்றிலும் வானம். "கோடு எப்படி ஓடுது?" என்று கத்தினேன். "நேரா ஓடுது மாமா," என்றான் மச்சான். முதல் கட்டைக்குக் குனிந்தேன். இரண்டாவதற்கு ஒதுங்கினேன். மூன்றாவது காலுக்குக் கீழே வந்தது. தாவினேன். தாவி இரண்டு காலோடு இறங்கினேன்.

நாலு பலகையில் இரண்டைக் கரையான் எப்போதோ தின்று முடித்திருந்தது. மிச்சத்தை இந்த மழையின் ஈரம் பார்த்துக்கொண்டது. முறிந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை, காதிலும் ஹெட்செட். திடீரென்று வானம் மேலே போனது. விரிப்போடு சேர்ந்து குழிக்குள் தொடை வரை இறங்கி நின்றேன். ஒரு கணுக்கால் மடங்கிக்கொண்டது. இன்னொரு முழங்காலின் தோல் போய்விட்டது. ஆட்டமோ நான் குனிந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டது. தலைக்கு மேலே நாலைந்து கட்டைகள் பறந்து போயின. நான் தப்பித்த ஒவ்வொன்றுக்கும் பாயின்ட் கொடுத்து, நட்சத்திரம் தூவி, கைதட்டியது. கோடு அப்போதும் நேராகத்தான் ஓடியதாம். ஒரு படம்கூட விடவில்லை.

ஹெட்செட்டைக் கழற்றினேன். முதலில் கண்ணில் பட்டவை மூன்று பேருடைய பாதங்கள். மூன்று பேரும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். அறையில் ஆறு கால்கள் பத்திரமாக இருந்தன. இரண்டு கால்கள்தான் குழிக்குள் இருந்தன. அவை தறி வீட்டில் பிறந்தும் தறியில் உட்காராத கால்கள். அன்றைக்குத்தான் அவர்கள் ஏன் ஒதுங்கிப் போனார்கள் என்று எனக்கு விளங்கியது. அவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

மச்சான் முதலில் சிரித்தான். நிறுத்த முடியாமல் வெளியே ஓடிவிட்டான். மனைவி "அடிபட்டுதா?" என்று குனிந்து பார்த்தாள். ரத்தம் பெரிதாக இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கும் உதடு துடித்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பலகையைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், பலகை போட்ட நைனாவையும் ஒரு வார்த்தை சொன்னேன்.

தோழி சிரிக்கவில்லை. குழியின் ஓரத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் காலுக்குப் பக்கத்தில் தெரிந்த குழியின் அடியைப் பார்த்தாள், பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்தாள், விரலில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அண்ணா, கொஞ்சம் மேல வர்றீங்களா? குழிய அளக்கணும்."

இரண்டு மாசமாக நான் யாருக்கும் கொடுக்காமல் காத்த அறையில், நான் இப்போது நிற்கிற இடம்கூட ஒருத்தருக்கு இடைஞ்சல். மனைவி கை கொடுத்தாள், ஏறி வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

தோழி உடைந்த பலகைகளை எடுத்து ஓரமாக வைத்தாள். விரிப்பைச் சுருட்டினாள். குழியின் ஓரத்தில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டாள். தலையை நிமிர்த்தி, என் ஒயர் தொங்கிக்கொண்டிருந்த கொக்கியைப் பார்த்தாள். ஜக்கார்டு பெட்டிக்கு உயரம் போதும் போலிருக்கிறது, தலையை ஆட்டிக்கொண்டாள். அப்புறம் அவள் செய்ததைப் பார்த்து நான் காலைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். அவள் கால்கள் குழிக்குள் மாறி மாறி மிதித்தன. வலது கை, நாடாவை ஓட்டுகிற இல்லாத கயிற்றை இழுத்தது; இடது கை, இழையை நெருக்குகிற இல்லாத பலகையைத் தள்ளி மார்புப் பக்கம் அடித்தது. மறுபடி மிதி, மறுபடி இழு, மறுபடி அடி. கண் நேரே முன்னால், அங்கே ஒரு சேலை வளர்ந்துகொண்டிருப்பதைப் போல. தலையில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. பத்துப் பதினைந்து தடவை இருக்கும். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முழங்கை சுவரில் இடிக்குமா என்றுதான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடிக்கலடி," என்றாள் என் மனைவியிடம். "எப்போ கொண்டாந்து போடலாம்?"

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னைக்கே," என்றாள்.

நான் எழுந்து, நொண்டிக்கொண்டே போய், கொக்கியிலிருந்து ஒயரைக் கழற்ற ஆரம்பித்தேன்.